மண்டி போட்ட வரிசை

நம் வயதில் முட்டி வலிக்காத ஆள் யார் இருக்கிறார்? கல்யாண வீட்டில் தரையில் உட்காரச் சொன்னால் நம் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். நாலு பேர் சேர்ந்தால் யார் எந்தத் தைலம் தேய்க்கிறார் என்பதுதான் முதல் பேச்சு. தாராளமாகப் பேசுங்கள். என் எதிரில் அந்தப் புட்டியை மட்டும் திறக்காதீர்கள். வாசனை வந்ததும் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன் என்று பல பேருக்கு என்மேல் குறை. காரணத்தை இதுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து செமிலிங் போகும் சாலையில் இறங்கி, செம்மண் பாதையில் உள்ளே நடந்தால் எங்கள் தோட்டம். ரப்பர் ஆலைக்குக் கீழே ஒரு திடல் இருந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த திடல். மேட்டைப் பார்த்து ஆடும் அணிக்கு மூச்சு வாங்கும். பள்ளத்தைப் பார்த்து ஆடும் அணிக்குப் பந்து கால்வாயில் போய் விழும். புளித்த ரப்பர்ப் பாலின் நாற்றம் அங்கே எந்நேரமும் நிற்கும். வெளியிலிருந்து வரும் அணியினர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படி ஒரு நாற்றம் இருப்பதே தெரியாது.

திடலுக்கு மேற்கே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயமும் மாரியம்மன் கோயிலும். கிழக்கே ஒரு சின்ன மேடு, அதன்மேல் மாதா கோயில். பெரிதாக நினைத்துவிடாதீர்கள், பலகைச் சுவர், தகரக் கூரை, உச்சியில் ஒரு மரச்சிலுவை. எங்களைப் போன்ற நாலைந்து வேதக்காரக் குடும்பங்களுக்கு அது போதும். பாதிரியார் எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் என் அம்மா போய்க் கூட்டிப் பெருக்கிப் பூட்டிவிட்டு வருவார்.

மீசை அரும்புகிற வயதுப் பையன்களுக்கென்று தோட்டத்தில் ஓர் அணி இருந்தது. நடத்தியவர் லாரி டிரைவர். டிரைவர் அண்ணன் என்போம். பந்து காலில் இருந்தால் ‘அடி’, இல்லாவிட்டால் ‘ஓடு’. அவர் தந்த பயிற்சி அவ்வளவுதான், ஆனால் அதை அவர் கத்துகிற கத்தலில் ஆலைச் சங்கு தோற்றுவிடும். நான் பின்னால் நின்று தடுக்கிறவன். என் கால் பந்தைவிட ஆளைத்தான் அதிகம் தொட்டது என்பதை உங்களில் அடி வாங்கியவர்கள் அறிவீர்கள்.

அணிக்கு உயிர் மண்டோரின் மகன். காட்டில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர்தான் மாரியம்மன் கோயிலுக்கும் தலைவர். காக்கிக் கால்சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, யாரிடமும் குரல் உயர்த்தாத அதிகாரம். அவருக்கு ஒரே மகன், என் கூட்டாளி. அவன் பந்தோடு ஓடுவதைப் பார்க்கப் பெண்கள் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு நிற்பார்கள். அந்த வருடம் பீடோங்கில் நடக்கும் தோட்டங்களுக்கிடையிலான இறுதி ஆட்டத்தைப் பார்க்க, கெடா இளைஞர் குழுவுக்கு ஆள் எடுப்பவர் வருகிறார் என்று பேச்சு வந்தது. எடுத்துவிட்டால் அலோர் ஸ்டாரில் தங்கிப் படிக்கலாம், ஆடலாம். மறுபடியும் மரம் சீவ உளி பிடிக்க வேண்டியதில்லை. மண்டோர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. மாலையில் சைக்கிளைத் திடலோரம் சாய்த்துவிட்டு மகன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அந்த நேரத்தில்தான் தமிழ்ப் பள்ளிக்கு ஒரு டீச்சர் வந்தார். பீடோங் பக்கத்துப் பெண், வேதக்காரர், கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு வந்தவர். பள்ளிப் படியில் இறங்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்தபடிதான் இறங்குவார். பட்டணத்து நடை பார், பூப்போல இறங்குகிறாள் என்று லயத்தில் கேலி செய்தார்கள். கல்லூரியில் வலைப்பந்து ஆடும்போது அவருக்கு முட்டி போய்விட்டது என்பது எங்கள் அணிக்கு மட்டும்தான் தெரியும். எங்களில் ஒருவன் கணுக்கால் வீங்கி நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, ஆட்டத்துக்கு முன்னால் பையன்களைக் கொஞ்ச நேரம் தன்னிடம் விடும்படி டிரைவர் அண்ணனிடம் கேட்டார். கத்துகிற வேலை கொஞ்சம் மிச்சம் என்று அவரும் விட்டுவிட்டார்.

முதல் நாள் எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெதுவாக ஓடச் சொன்னார். பக்கவாட்டில் நண்டுபோல் ஓடச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்க வைத்து, எதிரில் இருப்பவனைத் தோளில் லேசாகத் தள்ளச் சொன்னார். பிறகு குதிக்கச் சொல்லி, தரையில் இறங்கும்போது சத்தம் வரக்கூடாது என்றார். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் கூப்பிட்டு நிறுத்துவார். முட்டி கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும், விழுகிற கனத்தை முட்டி மடங்கி வாங்கிக்கொள்ள வேண்டும், விறைத்துக்கொண்டு இறங்கினால் உள்ளே இருக்கும் நார் தாங்காது என்பார். மண்டோர் மகன்தான் இதில் மோசம். எவ்வளவு உயரம் குதிப்பானோ அவ்வளவு விறைப்பாக இறங்குவான். டீச்சர் அவனை மட்டும் திரும்பத் திரும்பக் குதிக்க வைப்பார்.

கடைசியில் வருவதுதான் மண்டி போடுவது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவன் மண்டியிட்டு இரு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொள்ள வேண்டும். மற்றவன் பின்னால் உட்கார்ந்து அவன் குதிகால்களை அழுத்திப் பிடிக்க வேண்டும். முன்னால் இருப்பவன் முதுகை வளைக்காமல் மெல்ல மெல்லச் சாய்ந்து, இனி முடியாது என்கிறபோது கைகளை ஊன்றி விழ வேண்டும். தொடையின் பின்பக்கம் பற்றி எரியும். மண்டோர் மகனுக்குப் பின்னால் எப்போதும் நான்தான். அவன் சாய்வதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கேட்பான்.

“புடிச்சிருக்கியாடா?”

“புடிச்சிருக்கேன்லா. விழு.”

என் பதில் வந்த பிறகுதான் சாய்வான். வெடித்துப்போன குதிகால், ஓரத்தில் காய்ந்த பாலின் பிசுக்கு. என் உள்ளங்கைக்கு அது இன்னமும் மறக்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் திடலை ஒரு தடவை மனத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாலை வெயில் மேற்கிலிருந்து கண்ணைக் குத்தும். அதனால் டீச்சர் எங்களை முதுகை வெயிலுக்குக் காட்டி நிறுத்துவார். அதாவது, கிழக்கே பார்த்து. அதாவது, மேட்டின் மேலிருக்கும் சிலுவையைப் பார்த்து. லயத்து வாசலில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? தோட்டத்துப் பிள்ளைகள் வரிசையாக மண்டியிட்டு, மார்பில் கை வைத்து, மாதா கோயிலை நோக்கி முகங்குப்புற விழுகிறார்கள். முன்னால் ஒரு வேதக்கார டீச்சர் நின்று சொல்லிக்கொடுக்கிறார்.

பேச்சு எந்த வாசலில் தொடங்கியது என்று தெரியாது. தண்ணீர்க் குழாயடியில் வளர்ந்து, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெரிதாகி, மண்டோர் காதுக்குப் போனபோது பிள்ளைகளுக்குப் பாதிரியார் எந்த நாளில் ஞானஸ்நானம் கொடுக்கப்போகிறார் என்பது வரைக்கும் முடிவாகிவிட்டிருந்தது. நாங்கள் எவ்வளவோ சொன்னோம். பிள்ளைகளின் வாய்க்கு யார் மதிப்புக் கொடுத்தார்கள்? என் அம்மாவே மண்டோர் வீட்டு வாசலில் போய் நின்று, நாங்கள் கோயிலில் இப்படியெல்லாம் குப்புற விழுவதில்லை, விழுந்தால் பாதிரியாரே பயந்துபோவார் என்று சொல்லிப் பார்த்தார். மண்டோர் கடைசி வரை மரியாதையாகக் கேட்டார். வெற்றிலை கூடக் கொடுத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்:

“ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல தங்கச்சி. ஆனா எம் புள்ள முட்டி எஞ்சாமிக்கு முன்னால மட்டுந்தான் மடங்கும். இனிமே அந்தத் திடல்ல மடங்காது.”

அம்மா திரும்பி வந்துவிட்டார். நாலைந்து குடும்பமாகப் பிழைக்கிற இடத்தில் அதற்குமேல் பேச முடியாது.

மண்டோர் தடுத்தது மண்டியிடுவதை மட்டும்தான். ஆனால் டிரைவர் அண்ணன் எதற்கு வம்பு என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். காலையிலிருந்து மேட்டிலும் பள்ளத்திலும் பால் வாளியோடு ஏறி இறங்குகிற பிள்ளைகளுக்கு உடம்பைச் சூடாக்கத் தனியாக ஒரு வித்தையா என்று பெரியவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். அதற்கும் அவரிடம் ஒரு மாற்று இருந்தது, தைலம். ஆட்டத்துக்கு முன் எங்களை வரிசையாக உட்கார வைத்து, தொடை முதல் கணுக்கால் வரை அழுத்தித் தேய்த்துவிடுவார். தோல் நெருப்பாக எரியும். பார், சூடாகிவிட்டது என்பார். எரிந்தது தோல் மட்டும்தான் என்று அப்போது எங்களுக்கும் தெரியாது.

ரப்பர்க் கொட்டை வெடிக்கிற பருவத்தில் வந்தது இறுதி ஆட்டம். மத்தியானம் மழை. தோட்டத்து லாரியின் பின்னால் முட்டியைக் கட்டிக்கொண்டு குந்தியபடி போனோம். ஈரச்சட்டை, எதிர்க்காற்று. வழியில் சேற்றில் சக்கரம் மாட்டி நேரமாகிவிட்டது. பீடோங் திடலில் இறங்கும்போது நடுவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கால்கள் மரக்கட்டையாக விறைத்திருந்தன. டீச்சரும் வந்திருந்தார். குடையை மடக்கிக்கொண்டு விரைந்து வந்து, இரண்டு சுற்று ஓடவாவது விடும்படி டிரைவர் அண்ணனிடம் கேட்டார். டிரைவர் அண்ணன் மண்டோரைத் திரும்பிப் பார்த்தார். மண்டோர் அந்தப் பக்கம் ஆள் எடுக்க வந்தவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணன் நேரமில்லை டீச்சர் என்று சொல்லிவிட்டுத் தைலப் புட்டியைத் திறந்தார். அவசரத்தில் பாதி என் கால்சட்டையில் கொட்டியது.

ஆட்டம் தொடங்கிச் சூடு பிடிக்கக்கூட இல்லை. ஓரத்திலிருந்து ஒரு பந்து உயர்ந்து வந்தது. மண்டோர் மகன் எழும்பினான். அவ்வளவு உயரம் அவன் குதித்து நான் பார்த்ததில்லை. தலையால் முட்டினான். பந்து வலைக்குள் போனதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. போனதாகப் பிறகு சொன்னார்கள். அவன் ஒற்றைக் காலில், விறைப்பாக இறங்கினான். முட்டி உள்பக்கம் சாய்ந்தது. காய்ந்த ரப்பர்க் கொட்டை வெடிக்குமே, அந்தச் சத்தம். திடலின் பாதித் தூரத்தில் நின்ற எனக்கே கேட்டது.

ஓடிப் போனேன். அவன் முட்டியைப் பார்க்கவில்லை, தனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“யாரோ பின்னாலேருந்து ஒதச்சாங்கடா” என்றான்.

“யாருமே இல்லடா.”

“இல்லடா, ஒதச்சாங்க. எனக்குத் தெரியும்.”

அவனைச் சுற்றிப் பத்தடிக்கு ஆள் கிடையாது. என் கால்சட்டையிலும் அவன் காலிலும் தைல வாசனை. மண்டோர் திடலுக்குள் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

யாரோ உதைத்தார்கள் என்று அவன் சொன்னதுதான் பிறகு எல்லாவற்றையும் தின்றது. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நின்று உதைத்தது யார்? அந்நிய சாமி முன்னால் மண்டி போட்டதற்கு ஆத்தா கொடுத்த அடி என்றார்கள் சிலர். பாதியில் விட்டதால் மாதா கோபித்துக்கொண்டாள் என்று எங்கள் ஆட்களிலேயே ஒருவர் சொன்னார்; அம்மா அவரைத் நன்றாகத் திட்டி அனுப்பினார். முதலில் கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். பிறகு உருவிவிடுகிறவரிடம் கொண்டுபோனார்கள். வீக்கம் இளநீர்க் காய் அளவுக்கு வந்த பிறகுதான் மருத்துவமனை. மாவுக்கட்டு தொடையிலிருந்து பாதம் வரை, வேண்டிய காலத்துக்கும் மேலாகவே கிடந்தது. பிரித்தபோது கால் குச்சியாக இருந்தது. முட்டி மடங்கவில்லை.

அந்த நாட்களில் நான் திடல் பக்கம் தனியாகப் போகமாட்டேன். அவனுக்குப் பின்னால் எப்போதும் இருந்தவன் நான்தானே. அந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றும். மரங்களுக்குள் எங்கேனும் ஒரு கொட்டை வெடித்தால் உடம்பு தூக்கிப்போடும். ரப்பர்க் காட்டில் பிறந்து, ரப்பர்க் கொட்டைக்குப் பயந்து வாழ்ந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவன் பயப்படவில்லை. வெயில் தாழ்ந்ததும் ஊன்றுகோலோடு திடலுக்குப் போய்விடுவான். மெதுவாக நடப்பான். பக்கவாட்டில் நகர்ந்து பார்ப்பான். ஒற்றைக் காலில் நிற்பான். டீச்சர் சொல்லிக் கொடுத்த அதே வரிசையில், ஒன்றையும் விடாமல். மண்டி போடும் இடம் வந்ததும் கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு திரும்பி நடப்பான். மண்டோர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பழைய இடத்திலேயே நிற்பார்.

டீச்சர் அதற்குள் செமிலிங் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது மண்டோர் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். டீச்சர் வீடு எனக்குத் தெரியுமா என்று கேட்டார். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வழி காட்டினேன். மேடு வந்தபோது அவருக்கு மூச்சு இரைத்தது. டீச்சர் எங்களை உள்ளே கூப்பிட்டார். மண்டோர் வாசல்படியிலேயே நின்றார். நெற்றியில் திருநீறு வேர்வையில் கரைந்திருந்தது.

“டீச்சரம்மா, அந்த மண்டி போடறது... அத இப்ப செஞ்சா முட்டி மடங்குமா? எந்தப் பக்கம் பாத்து வேணும்னாலும் போடச் சொல்றேன்.”

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கி வந்தார்.

“அது மருந்து இல்லைங்கண்ணே. அடி படறதுக்கு முன்னாடி செய்யறது.”

மண்டோர் தலையை ஆட்டினார். அதைச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காதா என்ற அடுத்த கேள்வி எனக்கே நாக்கு நுனியில் நின்றது. அவர் கேட்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை. திரும்பும்போது அவர் சைக்கிளை மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே தோட்டம் வரை நடந்தார். நானும் கூட நடந்தேன்.

அந்தக் கேள்வியை வேறொருவரிடம் கேட்க எனக்கு வெகுகாலம் ஆனது. போன வருடம் சுங்கை பட்டாணியில் பேரன் காற்பந்து பழகுவதைப் பார்க்கப் போனேன். ஆட்டத்துக்கு முன்னால் எல்லா இனத்துப் பிள்ளைகளும் வரிசையாக மண்டியிட்டு, மார்பில் கை வைத்து, மெல்லச் சாய்ந்து விழுந்தார்கள். சுற்றி நின்ற அப்பா அம்மாக்கள் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழக்குகிற இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தேன். முட்டிக்குள் நார் அறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரிதான் பல பேருக்கு இருக்குமாம். ஆள் யாரும் இருக்கமாட்டார்களாம். இந்தப் பயிற்சியால் காயம் குறையும், அறவே வராது என்று மட்டும் சொல்ல முடியாது என்றான். யாரும் உதைக்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வயது ஆகியிருக்கிறது. அதைப் போய்ச் சொல்ல என் கூட்டாளி உயிரோடு இல்லை.

மண்டோர் இறந்தது எண்பதுகளில். அதற்குள் மகன் ஆலை ஸ்டோரில் உட்கார்ந்த வேலைக்குப் போயிருந்தான். அப்போது நான் இருந்த பட்டர்வொர்த்திலிருந்து வந்தேன். லயத்து வாசலில் பந்தல் போட்டு, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வேதக்காரர்கள் ஓரமாக நின்றோம். தலை மழித்து, ஈர வேட்டியோடு ஒரே மகனைக் கொண்டுவந்தார்கள். அப்பாவின் காலடியில் விழுந்து கும்பிடச் சொன்னார் சடங்கு செய்கிறவர்.

அவனால் முடியவில்லை. உட்காரப் பார்த்தான், மடங்காத கால் நேராக நீண்டு அப்பாவின் முகத்துக்கு நேரே போனது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். சட்டென்று காலை இழுத்துக்கொண்டு எழுந்தான். மறுபடி முயன்றான், தடுமாறினான். நின்றபடியே கும்பிட்டால் போதும் என்றார் சடங்கு செய்கிறவர். போதாது என்று தலையாட்டினான். மேளத்தை நிறுத்திவிட்டார்கள். மழித்த தலையோடு, இறந்தவருக்கு முன்னால், எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் நின்றான். எங்கள் திடலில் சாயங்காலம் நின்ற அதே நிற்பு.

எனக்கு அந்த உறவினர் வரிசைக்குள் போக உரிமை இருக்கிறதா என்று யோசிக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். அவனுக்குப் பின்னால் மண்டியிட்டு, மடங்காத காலைப் பின்னுக்கு நீட்டி வைத்து, குதிகாலைப் பிடித்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல முட்டியைத் தரையில் ஊன்றினான். இரண்டு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டான். அன்று லயத்து வாசல்களில் நின்று பார்த்தவர்கள் பாதிப் பேர் அங்கேதான் நின்றார்கள்.

“புடிச்சிருக்கியாடா?” என்றான்.

“புடிச்சிருக்கேன். விழு.”

அவன் முதுகை வளைக்காமல் மெல்ல மெல்லச் சாய்ந்து, தன் அப்பாவின் பாதங்களில் முகம் பட விழுந்தான்.